நெஞ்சுக்குள் பீங்கான்

எனக்கு இதய ஆபரேஷன் நடந்தது எழுபதுகளின் கடைசியில், மெட்ராஸில். அதன்பிறகு ஏறக்குறைய இரண்டு வருடம் எங்கள் வீட்டில் எல்லோரும், நான் உட்பட, என் நெஞ்சுக்குள் பீங்கானால் செய்த ஒரு வால்வு இருப்பதாக நம்பிக்கொண்டிருந்தோம். அந்த நம்பிக்கையில் நாங்கள் எப்படி நடந்துகொண்டோம் என்பதையும், அது எங்கே கொண்டுபோய் விட்டது என்பதையும் எழுதிவைக்க வேண்டும் என்று வெகுநாளாக நினைத்திருந்தேன். நான் நேரில் பார்த்ததையும் கேட்டதையும் எழுதுகிறேன். நான் இல்லாத இடத்தில் நடந்ததை, யார் சொல்லிக் கேட்டேனோ அவர் சொன்னதாகவே எழுதுகிறேன்.

நோய் எப்போது தொடங்கியது என்று சரியாகச் சொல்ல முடியாது. சிறுவயதில் எனக்கு மூட்டு மூட்டாக வீங்கிக் காய்ச்சல் வந்ததாகவும், முழங்கால் வீக்கம் வடிந்ததும் கணுக்கால் வீங்கியதாகவும் அம்மா சொல்லியிருக்கிறாள். அந்தக் காய்ச்சல்தான் இதயத்துக்குள் இருக்கும் ஒரு கதவைச் சுருக்கிவிட்டது என்று பிற்பாடு டாக்டர்கள் சொன்னார்கள். கதவு என்பது அவர்கள் சொன்ன சொல்தான். நான் அரியலூரில் ஒரு பெண்கள் பள்ளியில் தையல் டீச்சராக இருந்தேன். கல்யாணத்துக்குப் பிறகு, மெஷினை மிதித்தால் மூச்சு வாங்கத் தொடங்கியது. முதலில் ஒரு பாவாடை ஓரம் அடித்து முடிப்பதற்குள் வாங்கியது. பிறகு நூல் கோத்துச் சக்கரத்தைத் தள்ளும்போதே வாங்கியது. படுத்தால் மூச்சு முட்டியதால் சுவரில் தலையணை வைத்து உட்கார்ந்தபடியே தூங்கினேன். திருச்சியில் பார்த்த டாக்டர், குழல் வைத்துக் கேட்ட மாத்திரத்தில் மெட்ராஸுக்குப் போகச் சொல்லிவிட்டார்.

என் கணவருக்குப் பெரம்பலூரில், மின்சார ஆபீஸின் ஸ்டோரில் வேலை. அரியலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வருவார். கம்பி, கிளாம்பு, எண்ணெய் எல்லாம் அவர் பொறுப்பில்தான் இருந்தன. ஆனால் அவருக்குக் கவலை கொடுத்தது பீங்கான். மின்கம்பத்தின் உச்சியில் கம்பியைத் தாங்கி நிற்கும் பழுப்பு நிறப் பீங்கான் குமிழ்கள் வைக்கோல் அடைத்த மரப்பெட்டிகளில் வரும். லாரியிலிருந்து இறக்கும்போதே சில உடைந்திருக்கும். உடைந்தது பரவாயில்லை, கண்ணுக்குத் தெரிந்துவிடும், தெரியாத விரிசல்தான் ஆபத்து என்பார். அதனால் ஒவ்வொன்றையும் கையில் எடுத்துச் சின்ன மரக்கட்டையால் தட்டிக் கேட்பார். கணீரென்றால் அலமாரிக்குப் போகும். மொத்தென்று கேட்டால் ஒதுக்கிவைப்பார். ஆபீஸில் அந்தச் சரக்கைப் போர்சலின் என்பார்கள். இதை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது.

மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் எங்களிடம் பேசிய டாக்டர் இளவயதுக்காரர், கேரளத்துக்காரர். இங்கிலீஷில் வேகமாகவும் தமிழில் யோசித்து யோசித்தும் பேசுவார். என் கட்டிலின் கால்மாட்டில் நின்று, பழைய வால்வை வெட்டி எடுத்துவிட்டுப் புதிது வைக்கவேண்டும் என்றும், அதில் இரண்டு வகை உண்டு என்றும் சொன்னார்.

"ஒண்ணு மெட்டல். ரொம்ப வருஷம் வரும். ஆனா ரத்தம் உறையாம இருக்க ஆயுசு பூரா மாத்திரை சாப்பிடணும், அடிக்கடி வந்து ரத்தம் டெஸ்ட் பண்ணணும். அந்த மாத்திரை கர்ப்பத்துக்கு ஆகாது. இன்னொண்ணு போர்சைன். அதுக்குக் கொஞ்ச நாள் மாத்திரை போதும். பின்னால குழந்தை பெத்துக்கலாம். ஆனா பத்து வருஷமோ கொஞ்சம் கூடவோ கழிச்சு மாத்த வேண்டி வரும். எது வேணும், யோசிச்சுச் சொல்லுங்க."

என் கணவர் யோசிக்கவில்லை. "போர்சலினே போட்டுடுங்க சார். நமக்குப் பழகின சரக்குதான்" என்றார்.

டாக்டர் அவரை ஒரு கணம் பார்த்தார். பிறகு சிரித்து, "அப்போ நல்லதாப் போச்சு" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு இங்கிலீஷ் வாசிக்க வரும், காதால் கேட்டுப் பிரிக்க வராது. பீங்கான் ஜாடியில் ஊறுகாய் கெடாமல் இருக்கிற மாதிரி இதயத்திலும் கெடாமல் இருக்கும் போலிருக்கிறது என்று நானாக ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கண் விழித்தபோது நெஞ்சு நடுவில் ஒரு நீளத் தையல். அந்த வலியிலும் தையல் இடைவெளி சீராக இருக்கிறதா என்று பார்த்தது நினைவிருக்கிறது. சீராகத்தான் இருந்தது. பக்கத்துக் கட்டிலில் சேலம் பக்கத்து அம்மா ஒருவர். அவருக்கு இரும்பு வால்வு வைத்திருந்தார்கள். வார்டில் சத்தம் அடங்கும்போது அவர் நெஞ்சிலிருந்து டிக் டிக்கென்று கேட்கும். "எனக்குள்ள டைம்பீஸ் வெச்சுட்டாங்க கண்ணு, இனி மணி கேக்க யாரு வூட்டுக்கும் போவ வேண்டாம்" என்பார். ஒருநாள் என் பக்கம் காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "உனக்கு ஒண்ணும் கேக்கலியே, ஓடுதா?" என்று பயந்துபோய்க் கேட்டார்.

என் கணவர்தான் பதில் சொன்னார். "உங்களுது இரும்புங்க, தட்டும். இது பீங்கான். சத்தம் கேட்டாத்தான் ஆபத்து."

ஊருக்கு வந்த பிறகுதான் பீங்கானோடு வாழ்க்கை ஆரம்பமாயிற்று. பீங்கானுக்கு எதெல்லாம் ஆகாது என்பது அவருக்கு அத்துப்படி. சூடு பட்டவுடன் குளிர்ச்சி பட்டால் விரிசல் விடும். ஆகவே ரசம் சாப்பிட்டுவிட்டுப் பானைத் தண்ணீர் குடிக்கக்கூடாது. குளிக்க வெதுவெதுப்பான தண்ணீர்தான். அதிர்ச்சி ஆகாது. ஆகவே உரலும் உலக்கையும் கிடையாது. தையல் மெஷினை மிதிக்கக்கூடாது. வகுப்பில் கைத்தையலும் பட்டன் காஜாவும் மட்டும் சொல்லிக்கொடுத்தேன், மெஷின் பாடத்தை வேறொரு டீச்சர் எடுத்தார். தும்மல் வந்தால் மூக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இந்த விதிகளுக்கும் ஆஸ்பத்திரியில் சொன்னதற்கும் சம்பந்தமே இல்லை. ஆஸ்பத்திரியில் சொன்னது, மூன்று வாரத்துக்கொரு ஊசியைத் தவறவிடாதே, பல் பிடுங்கினால்கூட முன்னதாக மருந்து சாப்பிடு என்பதுதான். அவற்றையும் தவறாமல் செய்தோம்.

என் மாமியார் எங்களோடு அரியலூரில் இருந்தார். அவரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். சொந்த ஊர் செந்துறைக்குப் பக்கம். அங்கே கொழுந்தனார் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊர்த் திருவிழாவுக்குப் போனபோது சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடி ஓடிக் குழியாகக் கிடந்த ரோட்டில் பஸ் தூக்கித் தூக்கிப் போட்டது. அத்தை எழுந்து நின்று கண்டக்டரிடம் சொன்னார்: "தம்பி, மெள்ள போவச் சொல்லுப்பா. நெஞ்சுல பீங்கான் வெச்சிருக்கு."

கண்டக்டர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஜாடிய நெஞ்சுல ஏன் வெக்கிறீங்க, மடியில வெச்சுக்குங்க" என்றார்.

பஸ்ஸில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரிக்கப் போய், அத்தை முறைத்ததால் நிறுத்திக்கொண்டேன். அதிகமாகச் சிரிப்பதும் அதிர்ச்சிதான். ஊரில் கொழுந்தனார் வைக்கோல் போரைக் காட்டி, "அண்ணி, ஒங்களுக்குத்தான் எடுத்து வெச்சிருக்கேன். போவும்போது சுத்திக் கட்டி வுட்டுடறேன்" என்றார். அவர் எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம், வாசலில் நின்று லாரி கிளீனர் குரலில் "ஒடையிற சரக்கு, பாத்து, பாத்து" என்று கூவிவிட்டுத்தான் உள்ளே நுழைவார்.

என் கணவர் அப்படிக் கேலி செய்யமாட்டார். காலையில் பெரம்பலூர் பஸ்ஸுக்குக் கிளம்பும் முன், சட்டை பட்டனைப் போட்டபடியே வந்து, குனிந்து என் நெஞ்சில் காதை வைப்பார். மூச்சை அடக்கிக்கொண்டு கேட்பார். பிறகு "சரி" என்று சொல்லிவிட்டுப் போவார். எதைக் கேட்கிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "தட்டிப் பாக்க முடியலையே" என்றார். அவர் ஸ்டோரில் தட்டுகிற சத்தத்தை நான் அதுவரை கேட்டதில்லை. ஆனால் அந்தப் பதில் எனக்குப் புரிந்தது.

இவ்வளவு ஜாக்கிரதையிலும் நான் நன்றாகத்தான் இருந்தேன். படுத்தால் தூக்கம் வந்தது. கடைத்தெருவுக்கும் பள்ளிக்கும் நடந்து போனேன். யாராவது கூடவே வந்தார்கள் என்பதுதான் தொந்தரவு. ஒரு வருடத்துக்குப் பிறகு வந்து கேட்டுவிட்டுக் குழந்தை பற்றி யோசிக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் போய்க் கேட்கலாம் என்று எங்கள் வீட்டில் யாரும் வாயைத் திறக்கவில்லை. இரண்டாவது வருடம் முடியும் தறுவாயில், யாரையும் கேட்காமலே எனக்கு நாள் தள்ளிப்போயிற்று.

அத்தையிடம்தான் முதலில் சொன்னேன். முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். கையிலிருந்த கொத்தை முறத்தில் வைத்தார். பிள்ளையில்லாத மருமகளைப் பேசிப் பேசியே கொல்லும் மாமியார்களை எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன். அத்தை அந்த ரகமில்லை என்று தெரியும். ஆனாலும் அவர் கொஞ்சமாவது சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தேன்.

"வேணாம் தாயி" என்றார். "எனக்குப் பேரப்புள்ள வேணாம். நீ இருந்தாப் போதும்."

"டாக்டர் பெத்துக்கலாம்னு சொன்னாரு அத்தை."

"அந்த டாக்டரு புள்ள பெத்திருக்காரா? கடைசியில முக்குற முக்குல இடுப்பு எலும்பே வெலகுது. பீங்கான் எந்த மூலைக்கு?"

சாயங்காலம் என் கணவர் வந்தார். விஷயத்தைக் கேட்டதும் நாற்காலியில் உட்கார்ந்து, கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டார். அவர் முகத்தில் ஒரு நிமிடம் வந்த சந்தோஷத்தை நான் பார்த்தேன். அது நிற்கவில்லை.

"தாங்காது" என்றார். "காத்தடிக்கிற அன்னிக்குக் கம்பி இழுக்குற இழுப்புல நல்ல பீங்கானே விரிசல் வுட்டுடுது."

"டாக்டர்தானே வெச்சாரு. அவருக்குத் தெரியாதா?"

"அவரு நெஞ்சு டாக்டரு. பீங்கானப் பத்தி அவருக்கு என்ன தெரியும்?"

அப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோபம் வந்தது. கோபத்தை யார்மேல் காட்டுவது என்றுதான் தெரியவில்லை. குழந்தை வேண்டாம் என்று சொன்ன இருவருமே எனக்காகத்தான் சொன்னார்கள். வருடா வருடம் என் மாணவிகள் பரீட்சைக்குக் கைக்குழந்தை ஜப்லா தைப்பார்கள். கழுத்துச் சுற்று, நாடா, முன்பக்கச் சுருக்கு எல்லாம் பார்த்து மார்க் போட்டுத் திருப்பிக் கொடுப்பேன். இந்தக் குழந்தை எனக்கு வேண்டும் என்று அன்று முதன்முதலாக வாய்விட்டுச் சொன்னேன்.

அரியலூரில் ஒரு லேடி டாக்டரிடம் போனோம். அவர் என் நெஞ்சுத் தழும்பைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். இதில் நான் கை வைக்க முடியாது, ஆபரேஷன் செய்த இடத்திலேயே கேளுங்கள், கலைப்பதாக இருந்தால் தள்ளிப்போடாதீர்கள் என்றார். அந்தக் கடைசி வாக்கியத்தை என் கணவர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். மெட்ராஸுக்குக் கிளம்பும்போது, போவது கேட்பதற்கா கலைப்பதற்கா என்று எங்களுக்குள் தீர்மானமாகவில்லை. ரயில் அரியலூர் ஸ்டேஷனை விட்டு நகரும்போது அத்தை ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்து, "அவன் சொல்றதக் கேளு" என்றார். நான் தலையாட்டவில்லை.

அதே டாக்டர்தான் இருந்தார். கொஞ்சம் பருத்திருந்தார், தமிழும் தேறியிருந்தது. குழல் வைத்து முன்னும் பின்னும் கேட்டார். மூச்சை இழுக்கச் சொன்னார், விடச் சொன்னார், இடதுபக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொன்னார். "வால்வு பிரமாதமா வேலை செய்யுது" என்றார்.

நான் கர்ப்பமாக இருப்பதைச் சொன்னேன். "சந்தோஷம்" என்றார். அந்தச் சொல்லை அதுவரை யாரும் என்னிடம் சொல்லியிருக்கவில்லை.

என் கணவர் தொண்டையைக் கனைத்தார். "சார், பிரசவ வலியில விரிசல் விட்டுடுச்சுன்னா?"

"எது?"

"பீங்கான் சார்."

"எந்தப் பீங்கான்?"

"நீங்க வெச்சதுதான் சார். போர்சலின்."

டாக்டர் குழலைக் காதிலிருந்து கழற்றினார். என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "போர்சலின் இல்ல. போர்சைன். போர்சைன்னா பன்னி. பன்னியோட ஹார்ட்ல இருக்குற வால்வு. அத எடுத்து, மருந்துல போட்டுப் பதப்படுத்தி, அதத்தான் வெச்சிருக்கோம். அன்னிக்கே சொன்னேனே."

"பன்னியா சார்?"

"ஆமா. நீங்ககூட, பழகின சரக்குதான்னு சொன்னீங்க. நான் நீங்க பன்னி வளக்கறவங்கன்னு நெனச்சேன்."

"நாங்க மின்சார ஆபீஸ் சார்" என்றார் என் கணவர்.

எனக்கு என் நெஞ்சைப் பற்றிய யோசனைகூட வரவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இனிமேல் காலையில் குனிந்து காதை வைப்பாரா என்று ஒரு சந்தேகம் வந்தது. அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, ஸ்டோரில் புதுச் சரக்கு வந்தால் கேட்கிற தோரணையில் கேட்டார்: "அது ஒடையாதா சார்?"

"எப்படி ஒடையும்? பதம் பண்ணின தோல் மாதிரி. வளையும், மடங்கும்."

"கொதிக்கக் கொதிக்க ரசம் சாப்பிட்டுட்டு உடனே பச்சத் தண்ணி குடிச்சா?"

"ரசத்துக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?" என்றார் டாக்டர்.

என் கணவர் சிரிக்க ஆரம்பித்தார். சத்தமில்லாத சிரிப்புதான், ஆனால் தோள் குலுங்கியது, கண்ணில் தண்ணீர் வந்தது. டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. நான்தான் வைக்கோல் பெட்டியிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். பஸ் கண்டக்டர் சொன்னதைக் கேட்டதும் டாக்டரும் சிரித்துவிட்டார். பிறகு, "வாங்க, காட்டறேன்" என்று தன் அறைக்கு அழைத்துப் போனார்.

அங்கே அலமாரியில் ஒரு சின்னக் கண்ணாடி பாட்டில் இருந்தது. தேதி கடந்துபோனதால் யாருக்கும் வைக்க முடியாத ஒரு வால்வை, மாணவர்களுக்குக் காட்டுவதற்காக வைத்திருந்தார். மூடியைத் திறந்ததும் மூக்கில் ஏறும் நெடி. இடுக்கியால் எடுத்து, தண்ணீரில் நன்றாக அலசி என் உள்ளங்கையில் வைத்தார். பெரிய கோட்டுப் பட்டன் அகலம்தான் இருக்கும். சுற்றிலும் ஒரு வளையம், அதன்மேல் வெள்ளைத் துணி. நடுவில் மூன்று மெல்லிய மடல்கள், இளநீர் வழுக்கையின் நிறத்தில், ஒன்றோடொன்று விளிம்பு சேர்ந்து மூடியிருந்தன. டாக்டர் ஒரு பக்கமிருந்து தண்ணீர் விட்டார். மடல்கள் விலகி வழிவிட்டன. மறுபக்கமிருந்து விட்டார். மூன்றும் சேர்ந்து மூடிக்கொண்டன, ஒரு சொட்டு இறங்கவில்லை. கிணற்றடி மோட்டாரில், குழாயின் அடியில் இருக்கும் ஃபுட் வால்வு செய்கிற வேலையேதான். அதிலும் தோல்தான் இருக்கிறது என்று என் கணவர் சொன்னார்.

நான் துணியின் தையலைப் பார்த்தேன். மெஷின் தையல் இல்லை. அவ்வளவு சின்னதாக, அவ்வளவு நெருக்கமாக, ஒரு கண்ணி பெரிதும் ஒரு கண்ணி சிறிதுமாக இல்லாமல் கையால் தைத்திருந்தது. காஜா எடுக்கிற மாதிரி ஓரம் சுற்றி வந்திருந்தது. "இத யாரு சார் தச்சது?" என்று கேட்டேன்.

"வெளிநாட்டுல ஃபாக்டரி. பொம்பளைங்கதான் உக்காந்து கையால தைக்கிறாங்க, பெரிசாக் காட்டற கண்ணாடி வெச்சுக்கிட்டு."

அதைக் கேட்டதும் எனக்கு ஏற்பட்ட நிம்மதியை விளக்குவது கடினம். எங்கோ ஒருத்தி, என்னைப் போல ஊசி பிடிக்கத் தெரிந்தவள், இதைத் தைத்திருக்கிறாள். தையல் நல்ல தையல். நான் நூற்றுக்கு நூறு போட்டிருப்பேன். பன்றி என்கிற சொல்லைவிட அந்தத் தையல்தான் என் மனதில் பெரிதாக நின்றது.

"இதுல உயிர் இருக்கா சார்?"

"இல்ல. பதப்படுத்தினப்பவே அது போயிடுச்சு. அதனாலதான் உங்க உடம்பு சண்டை போடாம ஏத்துக்கிச்சு. உங்களுக்குத் தெரியணும்கறதுக்காகச் சொல்றேன், வருஷம் ஆக ஆக இதுல சுண்ணாம்பு படியும், கெட்டியாகும். வயசு கம்மியா இருக்கிறவங்களுக்குக் கொஞ்சம் சீக்கிரமாவும் ஆகலாம். அப்ப மாத்திக்கலாம்."

"எங்க ஊரே சுண்ணாம்புதான் சார்" என்றார் என் கணவர். அவருக்கு அன்று எதையும் லேசாக எடுத்துக்கொள்ள முடிந்தது.

குழந்தையைத் தாராளமாகப் பெற்றுக்கொள்ளலாம் என்று டாக்டர் சொன்னார். மாதாமாதம் பார்க்க வேண்டும், திருச்சியில் பெரிய ஆஸ்பத்திரியில்தான் பிரசவம், கிருமி தங்காமல் இருக்க அந்தச் சமயத்தில் ஊசி போட வேண்டும், கடைசியில் அதிகம் முக்க விடாமல் ஆயுதம் வைத்து எடுப்பார்கள். எல்லாவற்றையும் திருச்சி டாக்டருக்கு எழுதிக்கொடுத்தார்.

ரயிலில் என் கணவர் சூடாகக் காபி வாங்கிக் கொடுத்தார். குடித்து முடித்ததும் ஐஸ் போட்ட ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்து, நான் குடிப்பதை உற்றுப் பார்த்தார். விழுப்புரம் தாண்டியதும் அவர் முகம் மாறியது.

"அம்மாகிட்ட என்ன சொல்றது? பீங்கான்னே இருக்கட்டுமே."

"பீங்கான்னா புள்ள வேணாம்பாங்க."

"பன்னின்னா?"

எங்கள் வீட்டில் ஆடு, கோழி சாப்பிடுவோம். பன்றி என்ற சொல் வசவாக மட்டும்தான் வரும். தெருவில் ஒரு பன்றி வாசலை உரசிக்கொண்டு போனால்கூட அத்தை சாணி கரைத்துத் தெளிப்பார். அப்படிப்பட்டவர் வெள்ளிக்கிழமை விளக்கேற்றுகிற மருமகளின் நெஞ்சுக்குள் அதை வைத்து என்ன செய்வார்? ஆனால் பொய் சொன்னால் பத்து மாதமும் அவர் பயந்துகொண்டே இருப்பார். அந்தப் பயத்தோடு ஒரே வீட்டில் இருந்து என்னால் பிள்ளை பெற முடியாது. நானே சொல்லிவிடுகிறேன் என்று சொன்னேன்.

வீட்டுக்குப் போனபோது கொழுந்தனாரும் வந்திருந்தார். அத்தை என் வயிற்றைத்தான் முதலில் பார்த்தார், கலைத்தாயிற்றா என்று. நான் உட்காராமலே சொன்னேன். "அத்தை, அது பீங்கான் இல்லையாம். இவங்க தப்பாக் கேட்டுட்டாங்க. பன்னியோட வால்வாம். பதப்படுத்தி வெச்சிருக்காங்க."

"எது?"

"பன்னி அத்தை."

கொழுந்தனார் வாயில் போட்ட கடலையை மெல்லாமல் வைத்திருந்தார். அத்தை எழுந்தார். கொல்லைக்குப் போனார். தண்ணீர் மொண்டு ஊற்றும் சத்தம் கேட்டது. தலைமுழுகுகிறார் என்று நினைத்தேன். என் கணவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் நீண்டதாக இருந்தது என்று மட்டும் சொல்கிறேன்.

அத்தை முகத்தையும் கைகாலையும் மட்டும் கழுவிக்கொண்டு, முந்தானையில் துடைத்தபடி வந்தார். மகனிடம் கேட்டார்.

"ஆணா, பொட்டையா?"

"எது?"

"அந்தப் பன்னிதான்டா."

"கேக்கலயே."

"இவ்ளோ படிச்சவன் இதக் கேக்க மாட்டியா? ரயிலேறிப் போயி என்னத்தக் கேட்டுட்டு வந்த?" என்னைப் பார்த்துத் திரும்பினார். "பொட்டையாத்தான் இருக்கும். தாயி, பன்னி ஒரு ஈத்துக்கு எத்தன குட்டி போடுது? குப்பமேட்டோரம் போட்டுட்டு எந்திரிச்சுப் போவுது. முக்குதா, மொனகுதா? அது நெஞ்சு ஒத்தப் புள்ளைக்குத் தாங்காதா? போ. பெத்துக்க."

நான் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். கொழுந்தனார் கடலையை மென்று விழுங்கிவிட்டு, "ஒண்ணோட நிறுத்திக்குங்க அண்ணி, பத்துப் பன்னெண்டுன்னு போயிடாதீங்க" என்றார்.

"வாய மூடுடா" என்றார் அத்தை. சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, "தெருவுல மட்டும் பீங்கான்னே இருக்கட்டும். அவளுவளுக்கு எதுக்கு" என்றார். தெருவில் அது பீங்கானாகவே இருந்துவிட்டது. அந்த வெள்ளிக்கிழமை விளக்கை ஏற்றச் சொல்லி என்னைத்தான் கூப்பிட்டார்.

மாதாமாதம் திருச்சிக்குப் போய்வந்தோம். பீங்கான் இல்லை என்று தெரிந்த பிறகும், காலையில் குனிந்து காதை வைத்துக் கேட்பதை என் கணவர் ஒருநாளும் விடவில்லை. ஏழாம் மாதம் வளையல் போட்டார்கள். எட்டாம் மாதம் காலில் நீர் கோத்தது, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. திருச்சி டாக்டர் என்னை ஆஸ்பத்திரியிலேயே படுக்கவைத்துவிட்டார். எனக்குப் பயம் இல்லை என்று எழுதினால் பொய். ஆனால் அது எல்லாப் பெண்களுக்கும் வருகிற பயம், அவ்வளவுதான். பக்கத்துக் கட்டில்காரிகள் எதற்குப் பயந்தார்களோ அதற்குத்தான் நானும் பயந்தேன். அவர்களோடு சேர்ந்து பயப்பட முடிந்ததே எனக்கு ஓர் ஆறுதலாக இருந்தது.

வலி கண்டது ஒரு விடிகாலையில். ஊசி போட்டார்கள், முதுகுக்குப் பின்னால் சாய்மானம் வைத்தார்கள், ஒரு டாக்டர் என் மணிக்கட்டை விடவே இல்லை. முக்காதே, முக்காதே என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அத்தைக்கு இது தெரிந்திருந்தால் இந்த டாக்டர்களுக்கு ஒன்றுமே தெரியாது என்றிருப்பார். முன்பகலில் ஆயுதம் வைத்து எடுத்தார்கள். பெண் குழந்தை. கன்னத்தில் ஆயுதம் பட்ட சிவப்பு ஒன்று இருந்தது. இரண்டு நாளில் மறைந்துவிடும் என்றார்கள், மறைந்துவிட்டது.

வெளியே வராண்டாவில் நடந்தது அத்தை சொல்லிக் கேட்டது. நர்ஸ் வெளியே போய், ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க என்று சொன்னாளாம். என் கணவர் "சரிங்க" என்றாராம். பெஞ்சில் உட்கார்ந்தாராம். உட்கார்ந்தவர் அப்படியே சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டார். அத்தை தோளைப் பிடித்து உலுக்கினார். குழந்தையைத் துணியில் சுற்றிக் கொண்டுபோய் முகத்துக்கு நேரே நீட்டினார். குழந்தை அழுதது. அவர் எழுந்திருக்கவில்லை. வாய் திறந்திருந்தது, செருப்பு ஒன்று கழன்று தள்ளிக் கிடந்தது. வராண்டாவில் போகிறவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள்.

அத்தை குழந்தையோடு என் கட்டிலுக்கு வந்து அதை என் பக்கத்தில் கிடத்தினார். "பொறந்த புள்ளையப் பாக்காம ஒருத்தன் தூங்குவானா? நாலு பேரு பாக்குறாங்க, மானம் போவுது. நீ ஒரு குரல் கொடுத்து எழுப்பு" என்றார்.

"தூங்கட்டும் அத்தை" என்றேன்.